பேனல் போச்சா? டார்ச் அடித்துப் பாருங்கள்

தில்லியின் ஜூன் மாதம் டி.வி.க்களுக்கு ஆகாத மாதம். அப்படியொரு ஜூன் பிற்பகலில், வெளியே 44 டிகிரி கொளுத்த, எங்கள் வீட்டு 43 அங்குல டி.வி. பட்டென்று இருண்டது. சத்தம் மட்டும் நிற்கவில்லை. சீரியலில் மருமகள் தொடர்ந்து அழுதுகொண்டிருந்தாள். அவள் முகத்தைத்தான் காணவில்லை. அம்மா ரிமோட்டை உள்ளங்கையில் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். அணைத்து மறுபடி போட்டால் ஒரே ஒரு விநாடி படம் மின்னியது. பிறகு பழையபடி இருட்டு.

மறுநாள் சர்வீஸ் சென்டரிலிருந்து ஓர் இளைஞர் வந்தார். பின்மூடியைக் கழற்றவில்லை. ரிமோட்டை அழுத்தினார், சத்தத்தைக் கேட்டார், தலையை ஆட்டினார். "பேனல் போய்விட்டது சார். புதுப் பேனல் 17 ஆயிரம் ஆகும். இன்னும் கொஞ்சம் போட்டால் புது டி.வி.யே வாங்கிவிடலாம்." வந்து பார்த்ததற்குக் கூலி 450 ரூபாய். எல்லாம் நாலே நிமிடத்தில் முடிந்தது.

இதே தீர்ப்பை அதற்கு முந்தைய கோடையிலும் கேட்டிருந்தேன். மயூர் விஹாரில் எங்களுக்குக் கீழ்த் தளத்தில் தனியாக இருக்கிறார் ஒரு மாமி. குடும்ப பென்ஷனில் காலம் தள்ளுபவர். அவருடைய டி.வி.யும் இப்படித்தான் இருண்டது. பேச்சு மட்டும் கேட்டது. வந்து பார்த்தவர் பேனல் என்றார். "நீ நாலு விஷயம் தெரிஞ்சவன், நீயே சொல்லுப்பா" என்று மாமி என்னைக் கேட்டார். "பேனல் போச்சுன்னா ஒண்ணும் பண்ண முடியாது மாமி" என்று நானும் பெரிய மனிதனாகச் சொன்னேன். பழைய பெட்டியை கபாடிவாலா 500 ரூபாய்க்குத் தூக்கிக்கொண்டு போனார். புதியதை மாமி பன்னிரண்டு மாதத் தவணையில் வாங்கினார்.

என் டி.வி. விஷயத்தில் அம்மா விடவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கும் சின்ன ரிப்பேர் கடைக்காரரைக் கூப்பிடச் சொன்னார். ஐம்பது வயதிருக்கும் அவருக்கு. வந்தவுடன் கருவி எதையும் எடுக்கவில்லை. "திரைச்சீலையை இழுத்து மூடுங்கள் சாப், லைட்டையும் அணையுங்கள்" என்றார். டி.வி.யைப் போட்டுவிட்டுத் தன் செல்போன் டார்ச்சைத் திரையை ஒட்டினாற்போல் வைத்துச் சாய்வாக அடித்தார். கிணற்றுக்குள் எட்டிப் பார்ப்பதுபோல, மங்கலாக, ஒரு பெண்ணின் முகம் அசைந்தது.

"பேனல் போயிருந்தால் இவள் எங்கிருந்து வந்தாள்?" என்றார் கடைக்காரர். "படம் நன்றாக இருக்கிறது சாப். பின்னால் இருக்கும் விளக்குதான் செத்துவிட்டது. பட்டி மாற்றினால் போதும்."

அந்த நிமிடத்தில் எனக்கு மாமியின் பழைய டி.வி.தான் ஞாபகத்துக்கு வந்தது. அதன்மீது யாரும் டார்ச் அடித்துப் பார்க்கவில்லை.

சூடு எங்கே பிறக்கிறது?

எல்.இ.டி. டி.வி. என்று விற்கப்படும் பெரும்பாலான பெட்டிகள் உண்மையில் எல்.சி.டி. டி.வி.க்கள். முன்னால் இருக்கும் திரவப் படிகத் திரைக்குச் சொந்த வெளிச்சம் கிடையாது. அது லட்சக்கணக்கான ஜன்னல்கள் கொண்ட ஒரு கண்ணாடி. எந்த ஜன்னலை எவ்வளவு திறப்பது என்பது மட்டுமே அதன் வேலை. வெளிச்சம் பின்னாலிருந்து வர வேண்டும். ஆரம்ப காலத்தில் இதற்கு மெல்லிய குழல் விளக்குகளை வைத்தார்கள். பிறகு எல்.இ.டி. விளக்குகள் வந்தன. அலுமினியப் பட்டைகளின் மேல் வரிசையாகப் பதித்து, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பிளாஸ்டிக் லென்ஸை ஒட்டி, பின்பக்கத் தகட்டில் பொருத்திவிடுவார்கள். மெக்கானிக்குகள் 'பட்டி' என்பது இதைத்தான்.

எல்.இ.டி. குளிர்ச்சியான விளக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். குண்டு பல்போடு ஒப்பிட்டால் சரி. ஆனால் அதற்குக் கொடுக்கும் மின்சாரத்தில் பாதிக்கும் அதிகமானது வெளிச்சமாக மாறாமல் சூடாகிறது. வெளிச்சமான பகுதியிலும் பத்தில் ஒரு பங்குகூடத் திரையைத் தாண்டி நம் கண்ணுக்கு வருவதில்லை. மீதி முழுவதும் திரைக்குள் உறிஞ்சப்பட்டு அதுவும் சூடாகிறது. ஆக, 80 வாட் டி.வி. என்பது கிட்டத்தட்ட 80 வாட் சூடு போடும் பெட்டி. படம் என்பது கொசுறு.

அந்தக் காலத்து 21 அங்குல பிக்சர் ட்யூப் டி.வி.யும் ஏறக்குறைய இதே அளவு மின்சாரம்தான் குடித்தது. சென்னையில் தயாரான டயனோராவையும் சாலிடரையும் நினைவிருப்பவர்களுக்கு அவற்றின் முதுகும் நினைவிருக்கும். ஒரு முழம் ஆழம், பின்பக்கம் முழுக்கக் காற்றுத் துளைகள், உள்ளே பெரும்பகுதி வெற்றிடம். சூடு மேலே ஏறி வெளியேறக் காற்றுக்குப் பாதை இருந்தது. இன்றைய பெட்டி நான்கு விரல் தடிமன். அதே சூட்டை அதற்குள் அடைத்து, சுவரோடு ஒட்டி ஆணியடித்துவிடுகிறோம். இடையில் வந்த பிளாஸ்மா டி.வி.க்கள் இதைவிடக் கொதித்தன. 42 அங்குலப் பெட்டி 200 வாட்டுக்கு மேல் இழுக்கும். பலவற்றில் மின்விசிறியே வைத்திருந்தார்கள். பெரிய கம்பெனிகள் 2014வாக்கில் பிளாஸ்மாவைக் கைவிட்டுவிட்டன.

விற்கப்படும் டி.வி.க்களின் கையேட்டைப் பிரித்தால் பெரும்பாலானவற்றில் 40 டிகிரி வரை இயங்கும் என்று போட்டிருக்கும். நாக்பூரிலோ ஜெய்ப்பூரிலோ வேலூரிலோ மே மாதத்து மாடி வீட்டில் 40 டிகிரி என்பது பெட்டிக்கு வெளியே. உள்ளே இன்னும் 15, 20 டிகிரி கூடும். ராஜஸ்தானில் பலோடியில் 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவாயிற்று. அந்த ஊரிலும் டி.வி. ஓடத்தான் செய்கிறது.

பத்து டிகிரி கணக்கு

சூட்டால் முதலில் அடிபடுபவை இரண்டு. ஒன்று, மேலே சொன்ன விளக்குப் பட்டை. இன்னொன்று பவர் சப்ளை போர்டில் உருளை உருளையாக நிற்கும் எலெக்ட்ரோலைட்டிக் கெபாசிட்டர். பழைய மெக்கானிக்குகள் கண்டென்சர் என்பார்கள். இதற்குள் திரவம் இருக்கிறது. சூட்டில் அது மெல்ல மெல்ல உலர்ந்துபோகும். அல்லது வாயுவாகி உருளையின் தலையை உப்ப வைக்கும்.

இதற்குப் பொறியாளர்கள் வைத்திருக்கும் ஒரு சுலபமான கணக்கு உண்டு. சூடு பத்து டிகிரி குறைந்தால் ஆயுள் இரட்டிப்பாகும். பத்து டிகிரி ஏறினால் பாதியாகும். 105 டிகிரியில் 2,000 மணி நேரம் தாங்கும் என்று குறிக்கப்பட்ட ஒரு கெபாசிட்டரை எடுத்துக்கொள்ளுங்கள். பெட்டிக்குள் 85 டிகிரி என்றால் 8,000 மணி நேரம் தாங்கும். நாளைக்கு ஐந்து மணி நேரம் பார்க்கும் வீட்டில் இது நாலரை வருடத்துக்குள் முடிந்துவிடும். 75 டிகிரி என்றால் ஒன்பது வருடத்தை நெருங்கும். 65 டிகிரி என்றால் பதினேழு வருடத்தைத் தாண்டும். அதே கெபாசிட்டர், அதே கம்பெனி. பெட்டியைச் சுவரில் எப்படி மாட்டினீர்கள் என்பதில் பத்துப் பன்னிரண்டு வருட வித்தியாசம் இருக்கிறது. அதன் உடம்பிலேயே 85 அல்லது 105 என்று அச்சிட்டிருப்பார்கள். ரிப்பேரின்போது 105 இருந்த இடத்தில் 85ஐப் போட்டுவிட்டுப் போகும் ஆள் உங்களுக்கு லாபம் செய்யவில்லை.

எல்.இ.டி.க்கும் இதே விதி வேறு வடிவத்தில் பொருந்துகிறது. கோவில் திருவிழாவில் கட்டும் சீரியல் செட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பல்பு போனால் வரிசை முழுவதும் அணையும். டி.வி.க்குள்ளும் விளக்குகள் இப்படித்தான் தொடராகக் கோக்கப்பட்டிருக்கின்றன. எங்கள் பெட்டியில் நாலு பட்டைகள், பட்டைக்கு ஏழு என்று மொத்தம் 28 விளக்குகள். சூட்டில் ஒன்று அறுந்தாலும் மின்சாரம் தரும் சர்க்யூட் ஏதோ கோளாறு என்று உணர்ந்து தன்னை மூடிக்கொள்கிறது. டி.வி.யைப் போட்டதும் ஒரு விநாடி மின்னிவிட்டு அணைவது இதனால்தான். 28ல் 27 நன்றாக இருந்தும் திரை இருட்டு.

நோய்க்குறிகள்

சூடு தின்ற டி.வி. சும்மா சாவதில்லை, அடையாளம் காட்டிவிட்டுத்தான் சாகும். அவற்றைப் பிரித்துப் படிக்கத் தெரிந்தால் பாதி ஏமாற்றம் தவிரும்.

சத்தம் வருகிறது, படம் இல்லை: டார்ச் சோதனை செய்யுங்கள். அறை நன்றாக இருட்டாக இருக்க வேண்டும். ரிமோட்டில் மெனுவை அழுத்திவிட்டுத் தேடினால் எழுத்துகள் சுலபமாகத் தெரியும். படமோ எழுத்தோ அசைந்தால் பேனல் உயிரோடு இருக்கிறது. கோளாறு விளக்கிலோ விளக்குக்கு மின்சாரம் தரும் பகுதியிலோ. ஓ.எல்.இ.டி. வகை டி.வி.க்கு இந்தச் சோதனை பொருந்தாது. அதில் பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும்.

திரையில் அங்கங்கே டார்ச் அடித்ததுபோல் வெள்ளை வட்டங்கள்: விளக்கின் மேல் ஒட்டிய லென்ஸ் சூட்டில் பசை விட்டு விழுந்துவிட்டது. படம் முழுவதும் நீலமோ ஊதாவோ பாய்கிறது என்றால், விளக்கின் மேல் பூசிய மஞ்சள் பாஸ்பர் பூச்சு சூட்டில் கெட்டுவிட்டது. இரண்டிலும் பட்டையின் காலம் முடிகிறது. முழுதாக இருட்டாவதற்கு முன்பே மாற்றலாம்.

சிவப்பு விளக்கு மினுக்குகிறது, டி.வி. எழுந்திருக்க மறுக்கிறது, நாலைந்து முறை போட்டால்தான் வருகிறது: பவர் சப்ளையைச் சந்தேகியுங்கள். குளிர்காலத்துக் காலையில் இந்தத் தொல்லை அதிகமாகவும், சற்றே சூடானதும் சரியாகவும் இருந்தால் கெபாசிட்டர் உலர்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தலை உப்பியிருந்தால் கண்ணுக்கே தெரியும். உப்பாமலும் கெட்டிருக்கலாம், அதை அதற்கான மீட்டரை வைத்துத்தான் கண்டுபிடிக்க முடியும். காற்றுத் துளை வழியாகக் கெட்டுப்போன மீன் வாடை வந்தாலும் திரவம் கசிகிறது என்று அர்த்தம்.

இருபது நிமிடம் ஓடுகிறது, அணைகிறது, ஆறிய பிறகு மறுபடி ஓடுகிறது: இதுதான் சூட்டின் நேரடிக் கையெழுத்து. எங்கோ ஒரு ஈயப் பற்று விரிசல் விட்டிருக்கிறது. சூட்டில் உலோகம் விரிய, தொடர்பு அறுகிறது. நல்ல மெக்கானிக் இதை அடித்துச் சொல்ல மாட்டார், தேடுவார். தலை உலர்த்தும் டிரையரை போர்டின் ஒரு பகுதியில் மட்டும் காட்டுவார். அல்லது குளிர் ஸ்ப்ரேயை ஒரு பாகத்தின் மேல் மட்டும் அடிப்பார். எந்த இடத்தைத் தொட்டதும் டி.வி. மனம் மாறுகிறதோ அதுதான் குற்றவாளி.

அரை மணி நேரம் கழித்துப் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, உறைகிறது, கம்பெனி முத்திரை வரை வந்து திரும்பத் திரும்பத் தொடங்குகிறது: மெயின் போர்டில் இருக்கும் பிராசஸரைப் பாருங்கள். ஸ்மார்ட் டி.வி. என்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர். பிராசஸருக்கும் அதன் மேல் உட்காரும் அலுமினிய ஹீட் சிங்குக்கும் நடுவே சூட்டைக் கடத்தும் ஒரு பசையோ மெத்தையோ இருக்கும். சில வருடங்களில் அது காய்ந்து பொருக்குத் தட்டிவிடுகிறது. துடைத்துவிட்டு அதே தடிமனில் புதியது வைத்தால் சில சமயம் அதோடு தீர்ந்தது. ஆனால் போட்ட உடனேயே இந்தத் தொல்லை இருந்தால் சூடு காரணமல்ல. மென்பொருளோ மெமரியோ கெட்டிருக்கும்.

கடைசியாக, திரையில் நெடுக்குக் கோடுகள், பாதித் திரை வெளுப்பு, கண்ணாடியில் விரிசல். இவைதான் உண்மையான பேனல் கோளாறுகள். கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டிய மெல்லிய ரிப்பன்கள் விட்டுப்போவதற்கும் சூடு ஒரு காரணமாகலாம். ஒட்டுவதற்கான இயந்திரம் வைத்திருக்கும் சில கடைகளில் சரிசெய்கிறார்கள். நிற்கும் என்ற உத்தரவாதம் குறைவு. இங்கே 'புதியது வாங்குங்கள்' என்பது நியாயமான ஆலோசனைதான்.

கடையில் நடந்தது

எங்கள் டி.வி.யைக் கடைக்கு எடுத்துப் போனார்கள். நானும் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துவிட்டேன். முதலில் பட்டைகளின் ஒயரில் ஒரு டெஸ்டரை வைத்தார் கடைக்காரர். ஒளிரவில்லை. பிறகுதான் பிரித்தார். பேனலைக் கழற்றுவதுதான் கத்தி மேல் நடக்கும் வேலை. 43 அங்குலக் கண்ணாடியை இரண்டு பேர் நாலு மூலையிலும் பிடித்து வளையாமல் தூக்க வேண்டும். ஓரத்து ரிப்பன் ஒன்று கிழிந்தால் பிழைத்திருக்கும் பேனல் அங்கேயே செத்துவிடும். அதன் அடியில் வெளிச்சத்தைப் பரப்பும் வெள்ளைத் தாள்கள் மூன்று நாலு. எந்தத் தாள் மேலே, எந்தப் பக்கம் முன்னே என்று செல்போனில் படம் எடுத்துக்கொண்டார். தூசியோ விரல் ரேகையோ பட்டால் அப்புறம் நிரந்தரக் கறையாகத் தெரியுமாம்.

உள்ளே மூன்றாவது பட்டையில் ஒரு விளக்கின் நடுவில் கடுகளவு கரும்புள்ளி. அதைச் சுற்றி வெள்ளைத் தாள் பழுப்பேறியிருந்தது. அந்த ஒன்றை மட்டும் மாற்றினால் என்ன என்று கேட்டேன். "மாற்றலாம். அடுத்த மாதம் பக்கத்து விளக்கு போகும். நீங்கள் மறுபடி வருவீர்கள். நான் மறுபடி பேனலைத் தூக்க வேண்டும்" என்றார். ஒரே சூட்டில் வெந்த 28 விளக்குகளுக்கும் வயது ஒன்றுதான். அதனால் செட்டாக மாற்ற வேண்டும். ஒரு விளக்குக்கு 3 வோல்ட்டா 6 வோல்ட்டா என்று பார்த்துத்தான் செட் வாங்க வேண்டும், மாறிப்போனால் எரியாது. செங்கோட்டைக்கு எதிரே லஜ்பத் ராய் மார்க்கெட்டிலிருந்து பையன் போய் வாங்கி வந்தான். மும்பைக்காரர்களுக்கு லாமிங்டன் ரோடு, பெங்களூர்க்காரர்களுக்கு எஸ்.பி. ரோடு, சென்னைவாசிகளுக்கு ரிச்சி தெரு.

பட்டையைத் தகட்டில் ஒட்டுவதற்குச் சூடு கடத்தும் டேப் போட்டார். பலரும் சறுக்குவது இங்கேதான். ஸ்டேஷனரி கடையில் விற்கும் சாதாரண இருபக்க டேப்பும் ஒட்டும். ஆனால் அது சூட்டைத் தகட்டுக்கு விடாது; சில மாதங்களில் பட்டை பெயர்ந்து மறுபடி வேகும். எல்லாம் முடிந்த பின் விளக்குக்குப் போகும் கரண்ட்டைக் கால்வாசி குறைத்தார். போர்டில் ஒரு சின்ன ரெசிஸ்டரின் மதிப்பை மாற்றினால் போதும். "கம்பெனிக்காரன் ஷோரூமில் பளபளவென்று தெரிவதற்காக வைக்கிறான். உங்கள் வீட்டில் எதற்கு அத்தனை வெளிச்சம்?"

கடைசியில் ஒரு மணி நேரம் ஓடவிட்டு, தூரத்திலிருந்தே சூட்டை அளக்கும் துப்பாக்கி போன்ற கருவியால் பின்தகட்டை அங்கங்கே சுட்டுப் பார்த்தார். அளப்பதற்கு முன் தகட்டில் கறுப்பு இன்சுலேஷன் டேப்பைத் துண்டு துண்டாக ஒட்டினார். பளபளக்கும் உலோகத்தை அந்தக் கருவி நேராக அளந்தால் உள்ளதைவிடக் குறைத்துக் காட்டுமாம். கருவி இல்லாதவர்களுக்குக் கையே கருவி. பின்மூடியின் மேல் கை வைத்தால் வெதுவெதுப்பாக இருக்கலாம். நாலைந்து விநாடிக்கு மேல் வைக்க முடியவில்லை என்றால் எங்கோ அடைப்பு.

பட்டைகள், டேப், கூலி எல்லாம் சேர்த்து 2,400 ரூபாய் கொடுத்தேன். 17 ஆயிரம் எங்கே, இது எங்கே!

தொடக்கூடாத இடம்

இதைப் படித்துவிட்டு யாரும் ஸ்க்ரூ டிரைவரைத் தேட வேண்டாம். நம் 230 வோல்ட்டை டி.சி.யாக மாற்றினால் 325 வோல்ட் வரும். சில பெட்டிகளில் அதை 390 வரை உயர்த்துகிறார்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர் அதைப் பிடித்து வைத்துக்கொண்டிருக்கும். விளக்குப் பட்டைக்குப் போகும் மின்சாரமும் நூறு வோல்ட்டைத் தாண்டலாம். தெரிந்தவர்கள் ஒரு ரெசிஸ்டர் வழியாக அதை வடித்துவிட்டு, மீட்டரில் பார்த்த பிறகே கை வைப்பார்கள். குழல் விளக்கு வைத்த பழைய எல்.சி.டி.க்களில் பாதரசமும் உண்டு, உடைக்கக் கூடாது. நாம் டார்ச் அடிக்கலாம், மோந்து பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம். மூடிக்குப் பின்னால் நம் எல்லை முடிகிறது. கருகிய வாடையோ புகையோ வந்தால் சோதனையே வேண்டாம், உடனே பிளக்கைப் பிடுங்குங்கள்.

ஆனால் சூடு வராமல் தடுக்க மூடியைத் திறக்க வேண்டியதில்லை. செலவில்லாத முதல் மருந்து ரிமோட்டில் இருக்கிறது. பல டி.வி.க்கள் கடையிலிருந்து 'விவிட்' அல்லது 'டைனமிக்' முறையில், பேக்லைட் உச்சத்தில் வைத்தபடியே வருகின்றன. 'ஸ்டாண்டர்ட்' முறைக்கு மாற்றி, பேக்லைட்டை 50, 60க்குக் கொண்டுவாருங்கள். 'பிரைட்னஸ்' என்று இருப்பதைக் குறைத்துவிட்டுத் திருப்திப்பட வேண்டாம். பல பெட்டிகளில் அது படத்தின் கறுப்பை மட்டுமே மாற்றும், விளக்கைத் தொடாது. அடுத்தது இடம். நாலு பக்கமும் பத்து சென்டிமீட்டராவது விடுங்கள். சுவரில் பி.ஓ.பி. சட்டம் கட்டி அதற்குள் டி.வி.யைப் புதைப்பது பார்க்க அழகு. கெபாசிட்டருக்கு அது சமாதி. வட இந்திய வீடுகளில் கூலரின் ஈரக் காற்று நேரே டி.வி.யின் முதுகில் அடிக்கும்படி வைக்கிறார்கள். குளிர்ச்சி என்று நினைக்கிறோம். ஈரம் உள்ளே போய்க் கனெக்டர்களை அரிக்கிறது. மாதம் ஒருமுறை, டி.வி.யை அணைத்து ஆறவிட்டு, காற்றுத் துளைகளின் தூசியை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். வோல்டேஜ் தாழ்ந்து அடிக்கும் ஊர்களில் பவர் சப்ளை அதிக கரண்ட் இழுத்துக் கூடுதலாகச் சூடாகும். அங்கே ஸ்டெபிலைசர் வீண் செலவல்ல.

கேட்க வேண்டிய கேள்வி

எங்கள் வீட்டுக்கு வந்த சர்வீஸ் இளைஞர் மேல் எனக்குக் கோபமில்லை. பட்டை மாற்ற அரை நாள் வேலை. பேனலை மாற்றுவதும், அதைவிட புது டி.வி. விற்பதும் சுலபம். ஒரு முழுப் பெட்டியும் 28 விளக்குகளில் ஒன்றுக்காகச் சாகும்படி கட்டப்பட்டிருக்கிறது என்பதும், அந்த விளக்கைத் தொட முதலில் பேனலையே தூக்க வேண்டும் என்பதும்தான் வயிற்றெரிச்சல். பிரான்ஸில் 2021 ஜனவரியிலிருந்து டி.வி. உள்ளிட்ட சாதனங்களுக்கு, எவ்வளவு சுலபமாகப் பழுது பார்க்கலாம் என்று பத்துக்கு இத்தனை மதிப்பெண் போட்டு விற்க வைத்தார்கள். இங்கே மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் பழுது பார்க்கும் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. அதில் சேர்ந்த கம்பெனிகளின் கையேடு, உதிரிபாக விவரங்களைப் பார்க்கலாம். ஏமாற்றப்பட்டதாகத் தோன்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது.

2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகளின்படி தூக்கியெறிந்த டி.வி.யை முறையாக மறுசுழற்சி செய்ய வைப்பது தயாரிப்பாளரின் பொறுப்பு. நடைமுறையில் தில்லியின் பழைய பெட்டிகளில் ஏராளமானவை சீலம்பூர் போன்ற இடங்களின் சந்துகளுக்குத்தான் போகின்றன. அங்கே கையுறைகூட இல்லாமல் அவற்றை உடைத்துச் செம்பு பிரிக்கிறார்கள். டார்ச் அடித்துப் பார்க்காத ஒவ்வொரு நல்ல பேனலும் அந்தச் சந்தில் போய்ச் சேரலாம்.

ஆகவே அடுத்த முறை யாராவது 'பேனல் போச்சு' என்றால் ஒரே கேள்வி கேளுங்கள்: எதை வைத்துச் சொல்கிறீர்கள், காட்டுங்கள். சொன்னவர் திறமைசாலி என்றால் காட்டுவார். காட்டாதவருக்கு வந்து போன கூலியைக் கொடுத்து அனுப்பிவிட்டு இன்னொருவரைக் கூப்பிடலாம்.

டி.வி. திரும்பி வந்த அன்று, படம் கொஞ்சம் மங்கல் என்று அம்மா குறைப்பட்டார். மூன்றாம் நாள் மறந்துவிட்டார். அன்று மாலை கீழே இறங்கிப்போய் மாமியிடம் விஷயத்தைச் சொன்னேன். அவருடைய பழைய டி.வி.யும் ஒருவேளை பிழைத்திருக்கும், நான்தான் தெரியாமல் சொல்லிவிட்டேன் என்றேன். மாமி சிறிது நேரம் பேசவில்லை. "போனது போகட்டும்ப்பா. தவணை இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. இந்தப் பெட்டிக்கு வெளிச்சத்தை எவ்வளவு வைக்கணும்னு பார்த்து வெச்சுட்டுப் போ" என்று ரிமோட்டை நீட்டினார்.

மெனுவைத் திறந்தேன். பேக்லைட் 100ல் இருந்தது. 50க்குக் குறைத்துக் கொடுத்துவிட்டு வந்தேன்.